கார் ஷெட்டைப் பட்டறையாக்குவது: தண்ணீர், வெயில், கரண்ட், அப்புறம்தான் கருவி

நம்மூர்த் தனி வீடுகளில் கார் ஷெட் என்று கட்டிய இடத்தில் பெரும்பாலும் கார் நிற்பதில்லை. பழைய மாவு கிரைண்டர், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, கொலுப்படி, காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள், பையன் பத்தாவது படிக்கும்போது ஓட்டிய சைக்கிள் எல்லாம் அங்கே குடியிருக்கும்; கார் தெருவில் வேப்பமரத்தடியில் காக்கா எச்சத்தோடு நிற்கும். அந்த இடத்தை மீட்டு, மர வேலையோ ரிப்பேர் வேலையோ செய்ய ஒரு பட்டறையும், யாரும் கூப்பிடாமல் அரை மணி நேரம் சாய்ந்து உட்கார ஒரு மூலையும் அமைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சமவெளி ஊரில், ரோலிங் ஷட்டர் போட்ட, ஒரு கார் நிற்கக்கூடிய ஷெட்டைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கணக்கு வேறு.

ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கருவி வாங்குவது கடைசி வேலை. ஆர்வத்தில் முதலில் ட்ரில்லும் கிரைண்டரும் (மாவரைப்பது அல்ல; வட்டத் தகடு சுழன்று அறுக்கவும் தேய்க்கவும் செய்யும் கை மெஷின்) வாங்கிவிட்டு, வைக்க இடமில்லாமல் பெட்டியோடு கட்டிலுக்கடியில் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கும் ஐப்பசி அடைமழையிலும் அந்த அறைக்குள் நிற்க முடிகிறதா? முடிந்தால்தான் அது பட்டறை.

கை வைப்பதற்கு முன்

இடம் உங்களுடையதுதானா என்று பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் தூண்களுக்கு நடுவே இருக்கும் பார்க்கிங் பொதுப் பகுதி. அதைத் தனி யூனிட்டாக விற்கவே பில்டருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. அங்கே தடுப்பு எழுப்பிப் பட்டறை போட நினைக்காதீர்கள். தனி வீட்டிலும், காம்பவுண்டுக்கும் வீட்டுக்கும் நடுவே செட்பேக்காக விடவேண்டிய இடத்தில் ஷீட் போட்டு ஷெட் ஆக்கியிருந்தால், புதிதாகச் சுவர் எழுப்பி அதை நிரந்தர அறையாக்குவது பிற்பாடு தலைவலி. உள்ளே செய்யும் வேலை பொழுதுபோக்காக இருக்கும்வரை வீட்டு மின் இணைப்பு போதும். காசுக்கு ஆர்டர் எடுத்துச் செய்ய ஆரம்பித்தால் கட்டண வகையே மாறும்.

அடுத்து, ஷெட்டுக்குள் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் மீட்டர் பெட்டி அங்கேதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வருவார்; அவர் நேராக வந்து பார்க்கும்படி வழி வேண்டும். சம்ப் மூடியும் பெரும்பாலும் அதே தரையில்தான் இருக்கும். அதன்மேல் மேசை போட்டால், தொட்டி கழுவும் நாளில் மேசையைத் தூக்க நாலு பேர் வேண்டும். அதைவிட முக்கியம், சம்ப் மூடியின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் தின்னரும் எண்ணெயும் மரத்தூளும் குடிக்கிற தண்ணீரில் இறங்கும். மூடியைச் சுற்றி ஓர் அங்குல உயரத்துக்கு சிமென்ட் வரம்பு கட்டி, ரப்பர் வைத்த மூடி போட்டுவிடுங்கள். இது கொத்தனாருக்கு அரை நாள் வேலை.

ஸ்கூட்டர் ராத்திரி உள்ளே வரவேண்டுமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கட்டட விதிகளில் ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது சுமார் 135 சதுர அடி. ஸ்கூட்டருக்கு அதில் ஒரு பக்கம் போனாலும் மீதி இடத்தில் தாராளமாக வேலை செய்யலாம். ஆனால் மேசையைச் சக்கரத்தில் போடுவதா, சுவரோடு பொருத்துவதா என்பது அதைப் பொறுத்தது.

பழைய சாமான் விஷயத்தில் வீட்டில் சண்டை வரும். பேரம் பேசிப் பாருங்கள்: கொலுப்படிக்கும் பண்டிகைப் பாத்திரத்துக்கும் மேலே ஒரு பரண், தரை முழுக்க உங்களுக்கு. பழைய பேப்பர், அட்டைப்பெட்டி மட்டும் பரணிலும் வேண்டாம். கரையானுக்கு அதுதான் அழைப்பிதழ்.

தண்ணீர்

கார் ஷெட் தரை வாசலை நோக்கிச் சரிவாக இருக்கும். பத்தடிக்கு ஓரிரு அங்குலம். கார் கழுவினால் தண்ணீர் வெளியே ஓட வேண்டுமே. அந்தச் சரிவை மாற்றாதீர்கள், அது உங்களுக்கு நல்லது. சிக்கல், தெரு உயர்ந்துபோன ஊர்களில் வருகிறது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வாசல் பள்ளமாகி, மழைத்தண்ணீர் ஷட்டருக்கு அடியில் உள்ளே வருகிறது. இதற்கு மூன்று வேலை. ஷட்டருக்கு வெளியே குறுக்காக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி மேலே இரும்புக் கம்பி வலை. ஷட்டர் உட்காரும் இடத்தில் இரண்டு அங்குலத் திட்டு, ஸ்கூட்டர் ஏறும்படி இருபுறமும் சரித்து. ஷட்டரின் அடிப்பட்டையில் ரப்பர். இந்த ரப்பர் மழைக்கு மட்டுமல்ல. தவளை, அதைத் தேடி வரும் பாம்பு, பெருச்சாளி மூன்றையும் வெளியே நிறுத்தும்.

தரையில் ஓதம் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. இரண்டடிக்கு இரண்டடி கனமான பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுக்கும்போது தாளின் அடிப்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. அப்படியானால் வினைல் ஷீட்டோ எபாக்ஸி பெயின்ட்டோ போட்டுக் காசைக் கரைக்காதீர்கள், உப்பி வந்துவிடும். சிமென்ட் தரையையே சுத்தம் செய்து வைத்துக்கொண்டு, நிற்கும் இடத்தில் மட்டும் ரப்பர் பாய் போட்டால் போதும். சுவரில் உப்பு பூத்திருந்தாலும் அதே கதைதான். புட்டி வைத்து மறைத்தால் அடுத்த மழைக்குப் பெயர்ந்து விழும். பெயரும் பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள்.

வெயில்

கான்கிரீட் கூரையென்றால் மாசி மாதத்திலேயே மேலே வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள், சுண்ணாம்போ கடையில் விற்கும் வெயில் தடுப்பு பெயின்ட்டோ. அத்தோடு முடிந்தது.

சிமென்ட் ஷீட் கூரைதான் கவனம் கேட்கிறது. நாம் சிமென்ட் ஷீட் என்று சொல்வதில் பெரும்பகுதி ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்தது. இந்தியாவில் அதை விற்கத் தடை இல்லை. அசையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. அறுத்தால், துளையிட்டால், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். அதன் விளைவு பல வருடம் கழித்துப் புற்றுநோயாகவும் வரலாம். ஆகவே ஃபேன் மாட்ட, விளக்கு மாட்ட அந்த ஷீட்டில் ட்ரில் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் கீழே உள்ள இரும்புச் சட்டத்தில் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். உடைந்த ஷீட்டை மாற்றுவதானால் நனைத்து, முழுதாக இறக்குங்கள். மேலே ஏறி ஷீட்டின்மேல் கால் வைக்கவே கூடாது. பாரம் தாங்காமல் உடைந்து ஆள் விழுந்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

சூட்டைக் குறைக்க நான் சிபாரிசு செய்வது பச்சை நிழல்வலை. நர்சரிகளில் கட்டுவார்களே, அதுதான். ஷீட்டுக்கு ஓர் அடி மேலே கம்பி இழுத்து வலையைக் கட்டினால், வெயில் ஷீட்டில் படுமுன்பே பாதிக்கு மேல் தடுக்கப்படும், இடையில் காற்றும் ஓடும். உள்ளே ஃபால்ஸ் சீலிங் போடலாம். ஆனால் தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். பட்டறையில் தீப்பொறி பறக்கும், தெர்மோகோல் சட்டென்று பற்றும். தென்னங்கீற்று வேய்வது அழகும் குளிர்ச்சியும்தான், தீபாவளி ராக்கெட் ஒன்று வந்து விழும்வரை.

காற்று எந்தப் பக்கம் போகிறது

இளைப்பாறும் மூலையும் தூள் பறக்கும் பட்டறையும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்றால், எது எங்கே என்பதைக் காற்று முடிவு செய்யட்டும். பின்சுவரில் உயரத்தில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டுங்கள். காற்று ஷட்டர் பக்கமிருந்து வந்து பின்பக்கம் வெளியேறும். அப்படியானால் நாற்காலி வாசல் பக்கம், வேலை மேசை பின்பக்கம். தனிமை வேண்டும் என்று பலர் நாற்காலியை உள்மூலையில் போடுகிறார்கள்; அங்கே மரத்தூளும் வார்னிஷ் வாடையும்தான் துணைக்கு வரும். ஃபேன் ஊதுவது பக்கத்து வீட்டுத் துணிக்கொடிமேல் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தனிமைக்கு வழி உண்டு. வாசலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிடுங்கள். ஷட்டரை முழுக்கத் திறந்தாலும் தெருவிலிருந்து பார்வை விழாது. கோடையில் தட்டியை நனைத்துவிட்டால், எக்ஸாஸ்ட் ஃபேன் இழுக்கும் காற்று முழுக்க அந்த ஈர வேர் வழியாகத்தான் வரும். திருச்சி, மதுரை, சேலம் போன்ற வறண்ட ஊர்களில் இது ஏர்கூலர் வேலையைச் செய்யும், மணமும் உபரி. சென்னை, நாகை, தூத்துக்குடியில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் குளிர்ச்சி அவ்வளவு கிடைக்காது. அங்கே காய்ந்த தட்டியாகவே இருக்கட்டும். கருவி துருப்பிடிக்காமலாவது இருக்கும்.

சீலிங் ஃபேன் வேண்டாம். நீள மரத்தைத் தூக்கித் திருப்பும்போது இடிக்கும், தூளையும் அறை முழுக்கக் கிளப்பும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது மரத்தூள் எம்மாத்திரம் என்று விட்டுவிடலாம், ஆனால் அந்தத் தூளை நாம் வேறு கிளப்ப வேண்டுமா? நாற்காலிப் பக்கம் ஒரு சுவர் ஃபேன் போதும். புத்தகம் வைப்பதானால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. டி.வி.யை உள்ளே விடாதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். விட்டால் வீடே அங்கே வந்துவிடும்.

கரண்ட்

இதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஆனால் என்ன வேண்டும் என்று நீங்கள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வரவேற்பறை ஸ்விட்ச் போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ஓட்டுவது கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் லைனைத் துண்டிப்பது), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிப்பது), ஒழுங்கான எர்த். மேசைக்குச் சற்று மேலே, தரையிலிருந்து நாலடி உயரத்தில் இரண்டு பவர் ப்ளக். மேசைக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். வெல்டிங் செட் ஆசை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அதற்குக் கணக்கு வேறு.

விளக்குக்கு வேறு லைன் கேளுங்கள். காரணம் இருக்கிறது. மெஷின் ட்ரிப் ஆகும்போது விளக்கும் சேர்ந்து அணைந்தால், கையில் பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்க, நீங்கள் இருட்டில் நிற்பீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால் விளக்கையும் ஃபேனையும் மட்டும் அதில் சேருங்கள்.

கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. அதில் ஓர் ஆபத்தை யாரும் சொல்வதில்லை. ட்ரில், கிரைண்டரில் ஸ்விட்சை அழுத்தியபடி லாக் செய்யும் பித்தான் இருக்கும். வேலை நடுவில் கரண்ட் போனால், அப்படியே மேசையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போவோம். கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடி மேசையிலிருந்து குதிக்கும். கரண்ட் போன நொடியே ப்ளக்கைப் பிடுங்குவது கைப்பழக்கமாக வேண்டும்.

மேசைக்கு மேலே இரண்டு எல்.இ.டி. பட்டை விளக்கு, வெள்ளை வெளிச்சம். அறையின் நடுவில் மாட்டினால் உங்கள் நிழலே வேலைமேல் விழும். நீங்கள் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால், மேசைக்கு நேர் மேலே மாட்டுங்கள். நாற்காலிப் பக்கம் மஞ்சள் பல்பு, தனி ஸ்விட்ச்.

மேசை

நம்மூர் ஆசாரிகள் பலர் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து வேலை செய்வார்கள். மேசையே வேண்டாம். ஆனால் அது இளமையிலிருந்து பழகிய முட்டிக்கு. நாற்காலி உத்தியோகம் பார்த்த முட்டிக்கு மேசை வேண்டும்.

நேராக நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் ரேகை தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதுதான் மேசையின் உயரம். ஐந்தரை அடி ஆளுக்கு ஏறக்குறைய 32 முதல் 34 அங்குலம் வரும். அகலம் இரண்டடி, நீளம் ஐந்தோ ஆறோ. கால்களுக்குத் தெரு முனை வெல்டிங் பட்டறையில் 40 மி.மீ. சதுரக் குழாயில் சட்டம் செய்யச் சொல்லுங்கள். அடியில் திருகி உயர்த்தும் புஷ் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள். தரைதான் சரிவாயிற்றே. ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒவ்வொரு காலாகத் திருகிச் சமன் செய்யலாம். இரும்புக் கால் கரையானுக்கும் நல்லது. மரத்தை எப்போதும் தரையில் படவிடாதீர்கள்.

மேல்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி ஒன்றாக்கலாம். இன்னும் நல்லது, பழைய மரக்கடைக்குப் போய் இடித்த வீட்டின் தேக்குக் கதவு ஒன்றைத் தேடுவது. பல வருடம் காய்ந்த மரம், இனி வளையாது. வாங்கியதும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மரத்தின்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே தலை போன ஆணி புதைந்திருக்கிறது. அதை எடுக்காமல் இழைப்புளி ஓட்டினால் முதல் இழுப்பிலேயே இரும்பு பல்லுப் பல்லாகிவிடும்.

நாலு அங்குல வைஸ் (பொருளைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடி) ஒன்றை மேசையின் மூலையில், காலுக்கு நேர் மேலே போல்ட் போட்டுப் பூட்டுங்கள். அசையாத தாடை மேசை விளிம்பைவிட ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வெளியே நீட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் நீளக் குழாயையோ சட்டத்தையோ செங்குத்தாகக் கவ்வும்போது அது மேசை விளிம்பில் இடிக்காமல் தரைவரை தொங்கும். விளிம்புக்கு உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டால் அந்த வைஸில் பாதி வேலைக்கு வழியில்லை.

தீ, சத்தம், மூச்சு

பெயின்ட், தின்னர் டப்பாக்களை வீட்டோடு ஒட்டாத பக்கம், இரும்பு அலமாரியில். கிரைண்டர் ஓடும் அறையில் பெட்ரோல் கேனும் காஸ் சிலிண்டரும் இருக்கவே கூடாது. ஸ்கூட்டர் உள்ளே நிற்குமானால், கிரைண்டர் வேலையன்று அதை வெளியே தள்ளிவிட்டுத் தொடங்குங்கள். ஷட்டர் இறங்கியிருக்கும்போது எந்த இன்ஜினையும், ஜெனரேட்டரையும் உள்ளே ஓட்டாதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட்டுப் பிறகு எறியுங்கள். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்றை வாசல் பக்கம் மாட்டுங்கள். உள்மூலையில் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் எடுக்கப் போக வேண்டும். ஷட்டரை உள்ளிருந்தும் திறக்க முடிகிறதா என்பதை இன்றே பாருங்கள். வீட்டுக்குள் போக இன்னொரு கதவு இல்லாத ஷெட்டில் ஷட்டரை முழுக்க இறக்கிக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்பது சட்டத்தின் வரம்பு. கிரைண்டர் 90ஐத் தாண்டும். எனவே சட்டத்தைவிட எதிர்வீட்டு மாமியின் மத்தியானத் தூக்கத்தை மதிப்பது உத்தமம். கிரைண்டர் வேலையைக் காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, மரம் தேய்க்கும்போது என்95 மாஸ்க். லுங்கி, துப்பட்டா, தொளதொள சட்டைக் கையோடு சுற்றும் மெஷின் பக்கம் போகாதீர்கள். ட்ரில் பிடிக்கும்போது துணிக் கையுறையும் வேண்டாம். சுற்றும் பிட் அதையும் சேர்த்து இழுக்கும்.

கடைசியாக, கருவி

கையால் ஓட்டும் கருவிகளில் தொடங்குங்கள். கொறடு, அரை கிலோ சுத்தியல், கைரம்பம், ஹாக்ஸா, அரை அங்குலமும் ஓர் அங்குலமும் ஆன இரண்டு உளி, இழைப்புளி, மூலைமட்டம், டேப், தட்டை அரம், ஸ்பேனர் செட், நாலு சி கிளாம்ப். மூலைமட்டமும் டேப்பும் மலிவாக வாங்காதீர்கள். அளவு தப்பினால் மற்ற எதுவும் காப்பாற்றாது. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் ஒரு சுற்று சுற்றினால் இவை பெரும்பாலும் கிடைத்துவிடும். மற்ற ஊர்களில் ஆசாரிகள் எந்தக் கடையில் வாங்குகிறார்கள் என்று கேட்டு அங்கே போங்கள்.

மெஷின் என்று வரும்போது முதலில் ட்ரில் ஒன்று போதும். கிரைண்டர் பிறகு. அதில் ஒரு வழக்கம் நம்மூரில் பரவலாக இருக்கிறது: பிளேடை மறைக்கும் தடுப்பை (கார்டு) கழற்றிவிட்டு, பல் வைத்த மர பிளேடைப் பூட்டி அறுப்பது. பல வருடம் அப்படியே வேலை செய்கிறவர்களைக் காட்டி யாராவது சொல்வார்கள். மரத்தில் பிளேடு சிக்கினால் கிரைண்டர் உங்களை நோக்கித்தான் எகிறும். செய்யாதீர்கள்.

சுவரில் 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று, அதில் ஆணியோ கொக்கியோ அடித்துக் கருவிகளை மாட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் மார்க்கரால் கோடு வரைந்துவிடுங்கள். எது காணவில்லை, யார் எடுத்துப் போய்த் தரவில்லை என்று ஒரே பார்வையில் தெரியும். கடலோர ஊர்களில் இரும்புக் கருவிகளை வாரம் ஒருமுறை மெஷின் ஆயில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

முதல் வேலையாக ஒரு ஜோடி குதிரை செய்யுங்கள், அதாவது பலகையைத் தாங்கும் நாலுகால் ஸ்டாண்டு. பழைய சட்டமே போதும், பிசகினாலும் நஷ்டமில்லை. அறுக்க, துளையிட, திருக, சமன் பார்க்க எல்லாமே அதில் வந்துவிடும். இரண்டையும் ஒரே உயரத்தில் கொண்டுவருவதுதான் சற்றுப் பாடு. எட்டுக் காலும் முடிந்தபின் ஒரு நீளப் பலகையைக் குறுக்கே போட்டு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். உயரமாக நிற்கும் காலைத்தான் அறுக்க வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு நூல்.